மணிலாக்காரரின் பூர்வீகம்

ரங்கூனில் இருந்தவரை அம்மா புதிதாக யாரைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்பாள். எந்த ஊர்? என்ன ஆட்கள்? உங்கள் தாத்தாவை எந்தக் கோயில் கல்லறையில் புதைத்திருக்கிறது? நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். மற்றவர்கள் குலதெய்வத்தைக் கேட்கிற இடத்தில் அம்மா கல்லறையைக் கேட்டாள். இந்த மூன்றும் சேர்ந்ததற்குப் பூர்வீகம் என்று பெயர். தாமுவே சந்தையில் கீரை வாங்கப் போனாலும் பூர்வீகம் விசாரிக்காமல் கட்டைக் கையில் எடுக்க மாட்டாள்.

"ஊர் பேர் தெரியாதவ கையால வாங்கித் தின்னா உடம்புல ஒட்டுமாடி?" என்பாள்.

"கீரைக்கு ஏதும்மா ஊர்? நேத்து இந்த மண்ணுல முளைச்சது, இன்னிக்கு வந்திருக்கு" என்று நான் சொன்னால் முதுகில் ஒன்று விழும். எனக்கு அப்போது கல்யாண வயது வந்திருந்தது, ஆனால் வாயை மட்டும் அடக்கத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

கோயிலில் எல்லோரும் ஒரே பூசை காண்கிறோம், ஒரே நன்மை அப்பம் வாங்குகிறோம். சாமியார் எல்லோர் நெற்றியிலும் ஒரே சாம்பலைத்தான் பூசுகிறார். பெண் கொடுக்க மட்டும் ஆள் பார்க்க வேண்டும். இந்த நியாயம் எனக்கு எந்த வயதிலும் புரிந்ததில்லை. அம்மாவிடம் கேட்டால், "சாமி சாமி இடத்துல, சம்பந்தம் சம்பந்தத்து இடத்துல" என்று அடுப்படிக்குப் போய்விடுவாள்.

எங்கள் வீடு கியாக்டடாவில், சூலே பகோடாவுக்குப் பக்கத்துத் தெருவில், மூன்றாவது மாடி. அப்பாவுக்குத் துறைமுக ஜெட்டியில் குமாஸ்தா வேலை. மெட்ராஸிலிருந்து வருகிற கப்பல் சரக்கையெல்லாம் சரிபார்த்து இறக்க வேண்டும். அப்பா அதிகம் பேச மாட்டார். அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள். எனக்கு மேலே ஒரே அக்கா. கோயில் பாட்டுக் குழுவில் அவள் குரல்தான் முதல் குரல்.

அந்த அக்காவுக்கு மோல்மேனிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. அரிசி ஆலையில் பெரிய வேலை. முதல் மனைவியைப் புதைத்தவர், இரண்டாவது மனைவியையும் புதைத்தவர், வீட்டில் அரை டஜன் பிள்ளைகள். அம்மாவின் மூன்று கேள்விக்கும் மணி மணியாகப் பதில் சொன்னார். தாத்தா, தாத்தாவின் அப்பா, அவர் அப்பா, எல்லோர் கல்லறையும் சிலுவையோடு வரிசையாக இருக்கிறதாம். அக்காவைப் பார்த்துவிட்டு, "உடம்பு கெட்டிதானே? பல்வலி கில்வலி உண்டா?" என்று விசாரித்தார். மாட்டுச் சந்தைக்கு வந்தவன் கூட மாட்டின் முகத்தை ஒரு தடவை பார்ப்பான். இவர் அதைக்கூடச் செய்யவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் காப்பியில் உப்பை அள்ளிப் போட்டேன். மனுஷன் அதையும் குடித்துவிட்டு நல்ல காப்பி என்று சொல்லிவிட்டுப் போனார்.

நோன்பு நாளான தபசு காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் பாஸ்கு வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் அக்காவை மோல்மேனுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். அக்கா வாயைத் திறக்கவில்லை. அவள் மனசில் இருந்தது பிடில்காரர்.

அந்தக் காலத்து ரங்கூனில் பாட்டு வாத்தியம் என்றாலே பிலிப்பைன் தீவிலிருந்து வந்த மணிலாக்காரர்கள்தான். பயாஸ்கோப்பில் படம் பேசாது. திரைக்கு முன்னால் உட்கார்ந்து மணிலாக்காரர்கள் வாசித்தால்தான் குதிரை ஓடும், கதாநாயகி அழுவாள். ஹோட்டல் நடனத்துக்கும் அவர்கள், கிளப்புக்கும் அவர்கள். அவர்களும் வேதக்காரர்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலுக்கு வருவார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் பாட்டுக் குழுவுக்குப் பிடில் வாசித்தார். வாட்டசாட்டம் கிடையாது. கருப்பு, சுருட்டை முடி, சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். அக்கா பாடும்போது மட்டும் அவர் பிடில் சன்னமாக இறங்கிப் பின்னாலேயே போகும். அதை நான் கவனித்துவிட்டேன். கவனிக்காமல் இருக்க நான் என்ன குருடியா?

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் எங்கள் மாடி ஏறி வந்தார். வெள்ளைக் கோட்டு, கையில் தொப்பி, கூட ஒரு ஆள் இல்லை. திருவிழாவுக்கு வசூல் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து அம்மா, "வீட்டுக்காரர் இருக்கார், வாங்க" என்று அழைத்து நாற்காலியைக் காட்டினாள்.

அவர் உட்காரவில்லை. "ஐயா, அம்மா, உங்க பெரிய பொண்ணைக் கட்டிக்க ஆசைப்படறேன். கேட்க வந்தேன். எனக்காகக் கேட்க இந்த ஊர்ல பெரியவங்க யாரும் இல்ல, அதான் நானே வந்தேன்" என்றார்.

அப்பா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.   அம்மா வழக்கப்படி தொடங்கினாள்.

"எந்த ஊரு?"

"மணிலாவுக்குப் பக்கம் அம்மா. மலை அடிவாரம்."

"என்ன ஆளுங்க?"

அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "நல்ல ஆளுங்கதான் அம்மா" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"உங்க தாத்தா கல்லறை எந்தக் கோயில்ல இருக்கு?"

"தெரியாது அம்மா. அப்பா கல்லறை தெரியும். தெற்கே மெர்குயில, கடற்கரையில. அங்க முத்துக் குளிக்க வந்தவர். மூச்சு வாங்க மேலே வரல. அந்தக் கல்லறையைப் பார்க்கத்தான் நான் பர்மாவுக்கே வந்தேன்."

சொல்லிவிட்டுத் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. அம்மாவுக்கும் பாவமாகத்தான் இருந்திருக்கும், மோர் கொடுத்து அனுப்பினாள். அவர் படி இறங்கியதும் தீர்ப்பைச் சொன்னாள்.

"சேசு மரி சூசையே! தாத்தன் எங்க கிடக்கான்னு தெரியாதாம். இவனுக்குப் பொண்ணைக் கொடுத்துட்டு நாளைக்கு ஒண்ணுன்னா நான் யார் வீட்டு வாசல்ல போய் நின்னு கேக்கறது? மோல்மேனுக்கு ஆள் அனுப்புங்க."

"எனக்கு இவர்தாம்மா" என்றாள் அக்கா. அவள் வாழ்க்கையில் அம்மாவை எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். மறுநாளும் சாப்பிடவில்லை. நான் அம்மாவோடு சண்டை போட்டேன். மோல்மேன்காரர் மூன்றாவதாக ஒரு கல்லறைக்குக் கல் சொல்லி வைத்திருப்பார், போய்ப் பார் என்றேன். இந்தத் தடவை முதுகில் இரண்டு விழுந்தது.

இந்த நேரத்தில்தான் மாமா உள்ளே நுழைந்தார். அம்மாவின் தம்பி. தாமுவேயில் வீடு, அச்சகத்தில் வேலை. ஒரு தமிழ் வாசகசாலையில் வாரம் தவறாமல் பேசுவார். பத்திரிகையில் எதைப் படித்தாலும் அது தமிழனிடமிருந்து போனதுதான் என்று முடிப்பார். சயாம் கோயில் நம்முடையது, ஜாவா சிற்பம் நம்முடையது, பர்மாக்காரன் புட்டுச் சாப்பிடுவது நம்மைப் பார்த்து. ஆனால் என் அக்கா என்றால் அவருக்கு உயிர். அவள் பட்டினி கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் பிடில்காரரைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போட்டு, ஒரு முழுப் பகலும் விசாரித்திருக்கிறார். மறுநாள் மூச்சு இரைக்க எங்கள் மாடிக்கு ஓடி வந்தார்.

"அக்கா, உட்காரு. நின்னுக்கிட்டுக் கேட்டா விழுந்துருவ. அந்தப் பையன் யாரு தெரியுமா? நம்மாளு!"

"யார் சொன்னா?"

"அவன் பாஷை சொல்லுது! முகத்துக்கு அவங்க ஊர்ல என்ன பேர்? முகாங்கறான். ஆசைக்கு? ஆசாங்கறான். வாத்தியாருக்கு குரோ. நம்ம குரு! என் வீட்ல புட்டு வெச்சேன், அவன் பார்த்துட்டு, எங்க ஊர்லயும் இருக்கு, பேரு புட்டோங்கறான். கேட்டியா, புட்டோ! சோழன் கப்பல் கடாரம் வரைக்கும் போச்சுல்ல, அதுல நாலு கப்பல் காத்துல தள்ளிக்கிட்டு இன்னும் கிழக்கே போயிருக்கு. அங்கேயே தங்கிட்டாங்க. முடியைப் பாரு, சுருட்டை. நிறத்தைப் பாரு. தஞ்சாவூர்ப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினா எவன் வித்தியாசம் சொல்லுவான்?"

அம்மா யோசித்தாள். அவள் பிறந்த ஊர் தஞ்சாவூர்க் கரையோரம். சோழ நாடு என்றால் அவளுக்கு ஊர் கிடைத்துவிட்டது. கப்பல் படை என்றால் ஆளும் கிடைத்துவிட்டது. கல்லறை ஒன்றுதான் பாக்கி. "அந்தக் காலத்துல வேதம் வரல அக்கா, கல்லறை எப்படி இருக்கும்?" என்று மாமா அதையும் தட்டிவிட்டார்.

அம்மா அப்பா முகத்தைப் பார்த்தாள். அப்பா, "இருக்கலாம். கப்பல் எங்க வேணாலும் போகும்" என்றார். மாமா சொன்ன எதையும் அதுவரை அப்பா ஒப்புக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. மாமா வாயெடுத்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறவர். அன்றைக்கு மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காரியம் நடந்தால் சரி என்று நான் அதை நோண்டவில்லை.

பரிசத்துக்கு நாள் குறித்தார்கள். கோயிலிலிருந்து உபதேசியாரும் பெரியவர்களும் வருவார்கள், அவர்கள் முன்னால் மாமா பூர்வீகத்தை எடுத்துச் சொல்வார், மாப்பிள்ளை ஆமாம் என்பார், அடுத்த ஞாயிறு கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசிப்பார்கள். அக்கா எழுந்து சாப்பிட்டாள்.

அந்த வாரம் பாட்டுப் பழகப் போனபோது அக்கா இதையெல்லாம் பிடில்காரரிடம் சொன்னாள். காவலுக்கு நான். மாமாவின் சோழன் கப்பலைக் கேட்டதும் அவர் கண் மூடிக்கொள்ளச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"அப்ப நீங்க எல்லாம் எங்கேருந்து வந்தவங்க?" என்று நான் கேட்டேன். அம்மாவின் கேள்விதான், ஆனால் எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

அவர் தமிழ் பாதி, பர்மா பாதி, கை ஜாடை மீதி. சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். அவர்கள் தீவுகளில் முதலில் இருந்தவர்கள் மலைக்காரர்கள். குள்ளம், கருப்பு, சுருட்டை முடி, வில்லும் அம்பும். கடல் தாழ்ந்து தீவுகள் ஒட்டிக் கிடந்த ஆதிகாலத்தில் அவர்கள் நடந்தே வந்தார்கள் என்று அவருடைய பள்ளிக்கூடத்து அமெரிக்க வாத்தியார் சொன்னாராம். மலைக்காரர்களைக் கேட்டால், நாங்கள் எங்கிருந்தும் வரவில்லை, இங்கேயேதான் இருக்கிறோம் என்பார்களாம். அதற்குப் பிறகு வந்தவர்கள் படகுக்காரர்கள். படகு கவிழாமல் இருக்க இரண்டு பக்கமும் மரக் கையைக் கட்டிக்கொண்டு, பெண்டு பிள்ளை, நாய், பன்றி, விதைக் கிழங்கு எல்லாவற்றோடும் வந்தார்கள். தெற்கே மலாய்த் தீவுகளிலிருந்து என்பார் சிலர். இல்லை, வடக்கே சீனாவுக்குக் கீழே இருக்கிற தீவிலிருந்து என்பார் சிலர். வாத்தியாரே ஒரு வருஷம் ஒன்று சொல்வார், அடுத்த வருஷம் இன்னொன்று சொல்வாராம்.

"எது நிஜம்?" என்றேன்.

"எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனா படகு நிஜம். எங்க ஊர்ல கிராமத்துக்கும் படகுக்கும் ஒரே பேர்தான். ஒரு படகுல வந்த சனம் ஒரு கிராமம். அந்தக் காலத்துல எந்த ஊருன்னு கேட்டிருக்க மாட்டாங்க, எந்தப் படகுன்னுதான் கேட்டிருப்பாங்க."

பிறகு தம் அப்பாவைப் பற்றிச் சொன்னார். மெர்குயி தீவுகளில் சலோன் என்று ஒரு சனம், படகிலேயே பிறந்து படகிலேயே சாகிறவர்கள். முத்துக் குளிக்க வந்த இடத்தில் அவர்கள் விரல் விட்டு எண்ணுவதை அவர் அப்பா கேட்டிருக்கிறார். ஐந்துக்கு அவர்கள் சொன்ன சொல் இவர் வீட்டுச் சொல். கண்ணுக்கும் அதே. நெருப்புக்கும் ஏறக்குறைய அதே. ஒரு தடவை ஊருக்குப் போனபோது மனைவியிடம், "நம்ம சனத்துல கொஞ்சம் பேர் இன்னும் படகை விட்டு இறங்கல, நான் பார்த்துட்டேன்" என்று சொன்னாராம். அந்தப் பேச்சைப் பக்கத்தில் படுத்திருந்து கேட்டது மட்டும்தான் பிடில்காரருக்கு அப்பாவைப் பற்றிய ஞாபகம்.

"அப்ப உங்க சுருட்டை முடி?" என்றேன்.

"என் அம்மாவோட அம்மா மலைக்காரி. படகுக்காரங்க அவளைத் தாழ்வாத்தான் பார்த்தாங்க. இப்பவும் பார்க்கறாங்க."

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சா போதும். பரிசத்தன்னிக்கு மாமா சொல்றதுக்கு ஆமான்னு மட்டும் சொல்லிடுங்க. இல்லன்னா நான் மோல்மேன்ல கிடப்பேன்" என்றாள்.  அவர் பிடில் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். 

பரிசத்தன்று வீடு நிறைந்துவிட்டது. தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், பர்மாப் பட்டு. மாமா எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார். வாசகசாலையில் கூடக் கிடைக்காத கூட்டம், விடுவாரா? சோழன் கப்பல் புறப்பட்டது, புயல் அடித்தது, பாய்மரம் ஒடிந்தது. எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி சொன்னார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றோம். 

"சரி தம்பி, சபையில உங்க வாயாலயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. உங்க முன்னோர் சோழ நாட்டுலேருந்து போனவங்கதானே?" என்று உபதேசியார் கேட்டார்.

பிடில்காரர் எழுந்து நின்றார்.

"இல்லைங்க ஐயா" என்றார்.

மாமா, "தம்பிக்குத் தமிழ் சரியா வராது" என்று குறுக்கே விழுந்தார்.

"கேள்வி புரியுதுங்க. மாமா என் மேல பிரியமா சொல்றார், நன்றி. முகம், ஆசை எல்லாம் வியாபாரக் கப்பல்ல வந்த வார்த்தைங்க. மனுஷங்க வேற. இதுக்கு எங்க ஊர்ல மேசாங்கறோம்" என்று முன்னால் இருந்த மேசையைத் தட்டினார். "ஸ்பெயின்காரன் கொடுத்த பேரு. நீங்களும் மேசைன்னுதான் சொல்றீங்க. அதுக்காக நாம எல்லாரும் வெள்ளைக்காரன் பிள்ளைங்க ஆயிட்டோமா? என் அப்பா வழி படகுக்காரங்க. எந்தத் திசையிலேருந்துன்னு எனக்குத் தெரியாது. அம்மா வழி மலைக்காரங்க. அவங்க எங்கேருந்தும் வரல. இந்த முடி சோழன் கொடுத்தது இல்லைங்க. ஒரு மலைக்காரி கொடுத்தது."

நல்லா சொன்னீங்க போங்க என்று எனக்குள் ஒரு குரல் கூத்தாடியது. பாவி மனுஷா, என் அக்காவைக் கடலில் தள்ளிவிட்டாயே என்று இன்னொரு குரல் அழுதது. அக்கா திரையைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மலைக்காரி என்ற சொல்லைக் கேட்டதுமே பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உபதேசியார், "நீங்க வீட்டுல கலந்து பேசிக்கிட்டுச் சொல்லி அனுப்புங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். ஒருவர் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். பலகாரத்தை யாரும் தொடவில்லை. வீட்டில் நாங்களும் மாமாவும் அவரும்தான் மிச்சம்.

அம்மா அவர் எதிரில் போய் நின்றாள். முகம் சிவந்திருந்தது. "ஆமான்னு ஒரு வார்த்தை. சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துரும்? உங்களுக்காக என் தம்பி நாயா அலைஞ்சானே. சபை முன்னால என் மானத்தை வாங்கிட்டீங்களே!"

"அம்மா, எங்களுக்குப் பிள்ளை பிறக்கும். சுருட்டை முடியோட பிறக்கும். இது யார் கொடுத்த முடின்னு அது கேட்டா, அதுகிட்டயும் சோழன்னு சொல்லணும். என் அம்மாவைப் பெத்தவளை நான் இல்லைன்னு சொல்லணும். என்னால முடியாது அம்மா. மன்னிச்சிருங்க."

"அப்ப கிளம்புங்க. நாளைக்கு மோல்மேனுக்கு ஆள் போகும்."

அவர் தொப்பியை எடுத்தார். திரைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். வாசலை நோக்கி நடந்தார்.

"தம்பி, உக்காருங்க" என்றார் அப்பா.

எல்லோரும் திரும்பினோம். அப்பா குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. அவர் அம்மாவைப் பார்த்தார்.

"நம்ம சம்பந்தம் பேசும்போது உங்கப்பா என்கிட்ட இதே கேள்வியைக் கேட்டார். உங்க தகப்பன் பாட்டன் கல்லறை எந்தக் கோயில்லன்னு. நான் எங்க ஊர்க் கோயில் பேரைச் சொன்னேன். பெரிய கோயில், எல்லாருக்கும் தெரிஞ்ச கோயில். அதுல பொய் இல்ல. கல்லறை அங்கதான் இருக்கு."

எழுந்து நின்றார்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம்."

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களின் நடுவே ஒரு சுவர் ஓடும். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக்கொள்கிறவர்களுக்கு இந்தப் பக்கம். கோயிலுக்குள் அவர்களோடு உட்கார அனுமதி இல்லாதவர்களுக்கு அந்தப் பக்கம். செத்த பிறகும் சேர விடமாட்டார்கள். நான் ரங்கூனில் பிறந்தவள், அப்பா சொன்னது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மாவுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. 

"கப்பல்லேருந்து இறங்கினதும் வேலைக்குப் பேர் எழுதறவன் என்ன பட்டம்னு கேட்டான்" என்று அப்பா சொல்லிக்கொண்டே போனார். "எனக்கு முன்னால நின்னவன் என்ன சொன்னானோ அதையே சொன்னேன். அன்னிலேருந்து அதான் என் பேரு. இந்தத் தம்பி ஊர்ல எந்தப் படகுன்னு கேப்பாங்களாம், சின்னவ சொன்னா. என்கிட்டயும் எந்தக் கப்பல்னு மட்டும் கேட்டிருந்தா நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். உன் தம்பி சோழன் கதை சொன்னப்பவே பொய்னு எனக்குத் தெரியும். பொண்ணு பிழைச்சுப் போகட்டும், இந்த ஊர்ல இன்னொருத்தனும் என்னை மாதிரி இருந்துட்டுப் போகட்டும்னு வாயை மூடிக்கிட்டேன். இவர் அதை வேண்டாம்னுட்டார்."

மாமா குடையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கம்பி நீட்டிவிட்டார். கீழே டிராம் போகிற சத்தம் கேட்டது.

"எங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா என்னைக் கொடுத்திருக்க மாட்டார்."

"தெரியும்."

"நானும் உங்களைக் கட்டியிருக்க மாட்டேன்."

"அதுவும் தெரியும். அதனாலதான் சொல்லல. நீ எனக்கு வேணும்னு இருந்துச்சு. பயமாவும் இருந்துச்சு. இன்னிக்கு வரைக்கும், நீ யார்கிட்ட கல்லறையைப் பத்திக் கேட்டாலும் எனக்கு ஈரக்குலை நடுங்கும்."

அப்பா அழுதார். ஆம்பளை அழக்கூடாது என்பார்கள். அவர் அழட்டும் என்று எனக்கு இருந்தது. எத்தனை வருஷத்து அழுகையோ! சந்தையில், கோயிலில், எங்கள் வீட்டு வாசலில், அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டபோதெல்லாம் இந்த மனுஷன் பக்கத்தில் நின்றிருக்கிறார். 

அம்மா பின்கட்டுக்குப் போனாள். தண்ணீர் மொண்டு முகத்தில் அடிக்கிற சத்தம் வெகு நேரம் கேட்டது. பிடில்காரர் உட்காரவும் தெரியாமல் போகவும் தெரியாமல் நின்றார். அக்கா திரையை விட்டு வெளியே வந்து அப்பா காலடியில் உட்கார்ந்தாள். 

அம்மா புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்தபடி வந்தாள். அப்பா பக்கம் திரும்பவில்லை. அக்காவுக்கு நேரே வந்து நின்றாள்.

"இவர் யாரு, எங்கேருந்து வந்தவர்னு எல்லாம் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. முன்னாடியே சொன்னார்."

அம்மா தாம்பாளத்தை எடுத்துப் பிடில்காரர் கையில் வைத்தாள்.  

"என்னை ஒருத்தரும் கேட்கல, என்கிட்ட ஒருத்தரும் சொல்லல" என்றாள் அம்மா. "நீயாவது தெரிஞ்சு கட்டிக்கடி."